ஓய்வுக்குப் பின் ஆட்சியைப் பிடிப்பது எப்படி?

புதுச்சேரியில் கடைசிக் காலத்தைக் கழிக்க வருகிறவர்கள் சொல்கிற காரணங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான். டவுன் தட்டையாக இருக்கிறது, முழங்காலுக்கு நல்லது. ஜிப்மர் இருக்கிறது, இருதயத்துக்கு நல்லது. கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை வண்டி விட மாட்டார்கள், நடைக்கு நல்லது. ஆசிரமம் இருக்கிறது, மனதுக்கு நல்லது. இன்னொரு காரணமும் உண்டு. இங்கே விலை குறைவு என்பார்கள்; எதன் விலை என்று மட்டும் வீட்டம்மா முன்னால் சொல்ல மாட்டார்கள்.

இவர்களுக்கென்றே கட்டுகிற குடியிருப்புகள் கோயம்புத்தூர்ப் பக்கம் பெருகின. இப்போது இங்கும் வந்துவிட்டன. குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, கட்டில் தலைமாட்டில் அவசர மணி, பொதுச் சமையற்கூடம், கூப்பிட்டால் வர ஒரு நர்ஸ். விளம்பரத்தில் நரைத்த தம்பதி ஒன்று பால்கனியில் காபி குடித்தபடி சிரித்துக்கொண்டிருக்கும். வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கத்தின் முதல் பொதுக்குழுவுக்கு முன்னால் எடுத்த படம் அது.

சாவி வாங்கிய மூன்றாம் மாதம் உங்களுக்கே புரிந்துவிடும். நாற்பது வருஷம் ஆபீசில் பார்த்த கோப்பு, மெமோ, கோஷ்டி எல்லாம் உங்களுக்கு முன்பே வந்து இங்கே குடியேறியிருக்கின்றன. ஒன்று நீங்கள் ஆள வேண்டும், இல்லையென்றால் ஆளப்பட வேண்டும். எதிலும் பட்டுக்கொள்ளாமல் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கலாம்தான். அதற்கும் மெயின்டனன்ஸ் அதே தொகைதான். ஆகவே ஆள்வது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்த்துவிடுவோம்.

1. முதலில் ஊர் நிலவரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த ஊரில் உள்ளாட்சிப் பதவிக்கு ஆசைப்படுகிறவருக்குச் சங்கத்தை விட்டால் போக்கிடம் இல்லை. நகராட்சித் தேர்தல் 1968-ல் நடந்தது. அடுத்தது 2006-ல், 38 வருஷம் கழித்து. அதில் வந்தவர்களின் காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் தேதி எல்லாம் அறிவித்தார்கள். இட ஒதுக்கீட்டு விவகாரம் கோர்ட்டுக்குப் போய் அறிவிப்போடு நின்றது. கடற்கரைச் சாலையில் 'மேரி' என்று நாம் சொல்லும் பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கிப் பணத்தில் அதைப் பழையபடியே திரும்பக் கட்டிவிட்டார்கள். தூணுக்குத் தூண் சரியாக வந்திருக்கிறது. ஜனங்கள் தேர்ந்தெடுத்த தலைவர் ஒருவரைத்தான் உள்ளே உட்கார வைக்க முடியவில்லை.

உங்கள் குடியிருப்பில் பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் 'சொல்தா' ஐயா ஒருவர் இருந்தால் விசாரித்துப் பாருங்கள். 2022 ஏப்ரலில் பிரான்சு அதிபரைத் தேர்ந்தெடுக்க அவர் இங்கிருந்தபடியே ஓட்டுப் போட்டிருப்பார். இந்தியப் பிரஜையான நீங்களோ சட்டசபைக்குப் போடலாம், டெல்லிக்குப் போடலாம். உங்கள் தெருச் சாக்கடைக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆளுக்கு மட்டும் போட முடியாது. ஊருக்கே இப்படி ஒரு பசி இருக்கிறது. சங்கத்தில் ஏழு இடத்துக்கு இருபது பேர் நிற்கிறார்கள் என்றால் அதைப் பதவி ஆசை என்று கொச்சைப்படுத்தாதீர்கள்.

2. பழைய பதவியைக் கழற்றாதீர்கள்

கதவில் மாட்டும் பெயர்ப் பலகையில் பெயர் சின்னதாகவும் பதவி பெரிதாகவும் இருக்கட்டும். 'ஓய்வு' என்ற சொல்லை அடைப்புக்குறிக்குள் போட்டு, எழுத்தைப் பொடியாக்கிவிடுங்கள். முன்னாள் சூப்பரின்டென்டிங் இன்ஜினியர், முன்னாள் வங்கி முதன்மை மேலாளர், முன்னாள் தலைமையாசிரியை, முன்னாள் சார்பதிவாளர் என்று ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் இலாகா இருக்கும். யார் எந்த கிரேடில் ரிடையர் ஆனார் என்பதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். காலை நடையில் யார் யாருக்கு முதலில் வணக்கம் சொல்ல வேண்டும் என்பதே அதை வைத்துத்தான்.

கவனம்: அந்தந்த வேலையை உண்மையிலேயே தெரிந்தவரை அந்தந்தப் பொறுப்பில் உட்கார வைத்துவிடக் கூடாது. இன்ஜினியர் சாரைக் கலாசாரக் குழுவிலும், சங்கீதம் தெரிந்த மாமியைக் கொள்முதல் குழுவிலும், வங்கிக்காரரைத் தோட்டத்திலும் போடுங்கள். நாற்பது வருஷம் வார்டு பார்த்த ஹெட் நர்ஸ் அம்மா இருப்பார். யாருக்கு எந்த மாத்திரை, யார் வீட்டில் ராத்திரி லைட் அணையவில்லை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவரை எந்தக் குழுவிலும் போடாதீர்கள். அவர் கேள்வி கேட்பார்.

3. பைலாவைப் படிக்காதீர்கள், கையில் வைத்திருங்கள்

பைலா என்பது படிக்கிற புத்தகம் அல்ல. கூட்டத்தில் உயர்த்திக் காட்டுகிற புத்தகம். உள்ளே மஞ்சள் காகிதத்தில் நாலைந்து அடையாளம் செருகியிருந்தால் போதும், எதிராளிக்கு வியர்த்துவிடும். "பதினேழாம் விதி, உட்பிரிவு சி" என்று ஆரம்பியுங்கள். அப்படி ஒன்று இருக்கிறதா என்று அங்கேயே யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள். மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார்கள்.

உண்மையில் படித்திருக்க வேண்டியது வேறு. ரெரா என்று எல்லோரும் சொல்லும் 2016-ம் ஆண்டுச் சட்டம் இரண்டு விஷயம் சொல்கிறது. பெரும்பாலான வீடுகள் புக் ஆன மூன்று மாதத்துக்குள் சங்கம் அமைக்க பில்டர் வழி செய்ய வேண்டும். சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் கோளாறு தெரிந்தால், சொன்ன முப்பது நாளில் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். ஆனால் இதைச் சங்கத்தில் எடுப்பது அரசியலுக்கு நல்லதல்ல. முதல் ஐந்து வருஷம் பார்க்கிங்கில் கோடு போடுவது பற்றிப் பேசுங்கள். ஆறாம் வருஷம் மொட்டை மாடி ஒழுகும்போது, "பில்டர் ஏமாத்திட்டான்" என்று எல்லோரும் சேர்ந்து சொல்லலாம். ஒரு சங்கம் ஒருமனதாகத் தீர்மானம் போடுகிற அபூர்வத் தருணம் அது.

4. வராதவர்களின் ஓட்டை முதலில் பிடியுங்கள்

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் ஓர் ஓட்டெடுப்பு நடந்தது. பிரெஞ்சு ஆட்சியில் நீடிப்பதா, இந்தியாவுடன் இணைவதா என்பது கேள்வி. போட்டவர்கள் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் கொம்யூன் கவுன்சிலர்களுமாக 178 பேர். 170 பேர் இணையலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறியது. ஒரு தேசத்தை விட்டு இன்னொரு தேசத்துக்குப் போவதை ஒரே பகலில் முடித்துவிட்டார்கள். ஏறக்குறைய அதே எண்ணிக்கை வீடுகள் உள்ள உங்கள் குடியிருப்பில் நீச்சல் குளத்துக்கு என்ன நிற ஓடு பதிப்பது என்று மூன்று வருஷமாக முடிவாகவில்லை. காரணம் எளிது. கீழூருக்கு 178 பேரும் நேரில் வந்தார்கள். உங்கள் பொதுக்குழுவுக்கு முப்பது பேர் வருவார்கள், அதில் பத்துப் பேர் காபிக்கு.

மற்ற வீட்டுச் சொந்தக்காரர்கள் நியூ ஜெர்சியிலும் சிங்கப்பூரிலும் பாரிஸை ஒட்டிய சார்செலிலும் இருக்கிறார்கள். அப்பா அம்மாவுக்காக வாங்கிப் போட்ட வீடு, பிற்காலத்தில் தாங்களே வரலாம் என்று வாங்கிய வீடு, வாங்கியதையே மறந்துவிட்ட வீடு என்று மூன்று வகை. இவர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பும் பிராக்ஸி படிவத்தில்தான் உங்கள் ஆட்சி நிற்கிறது. தீபாவளி வாழ்த்தைத் தவறாமல் அனுப்புங்கள். அவர்கள் வீட்டுக் குழாய் ஒழுகியபோது ப்ளம்பரை அனுப்பியது நீங்கள்தான் என்று போட்டோவோடு தெரிவியுங்கள்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஊர் மரபுதான். 1871-லிருந்து பிரெஞ்சு இந்தியா பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர் அனுப்பியது. அப்படித் தேர்வானவர்களில் பலர் பிரெஞ்சுக்காரர்களே. ஓட்டுப் போட்டவர்கள் இங்கே இருந்தார்கள், பிரதிநிதி அங்கே இருந்தார். இப்போது ஓட்டுப் போடுகிறவர்கள் அங்கே, பிரதிநிதி இங்கே. நூற்றைம்பது வருஷத்தில் இவ்வளவாவது முன்னேறியிருக்கிறோம்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டில்லை. லிப்டில் ஏறுவதும், மெஸ்ஸில் சாப்பிடுவதும், தண்ணீர் வராதபோது தவிப்பதும் அவர்கள்தான் என்றாலும் ஓட்டில்லை. அவர்கள் கருத்துச் சொன்னால், "நீங்க ஓனரைப் பேசச் சொல்லுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம்.

5. நவம்பரில் கூட்டம் வைக்காதீர்கள்

நவம்பர் மாதம் பென்ஷன்காரர்கள் எல்லோரும் தாங்கள் உயிரோடு இருப்பதை அரசாங்கத்துக்கு நிரூபிக்கிற வேலையில் இருப்பார்கள். பிரெஞ்சுப் பென்ஷன்காரர்களுக்கும் அப்படி ஒரு சான்றிதழ் உண்டு. கிளப் ஹவுஸில் கைரேகைக் கருவியோடு ஒருவர் வந்து உட்காருவார். தேய்ந்துபோன கட்டைவிரலைத் துடைத்துத் துடைத்து வைத்தும் கருவி ஒப்புக்கொள்ளாது. "இன்னொரு விரல் வையுங்க ஐயா" என்று அந்தப் பையன் பத்து விரலையும் முயன்று பார்ப்பான். தான் இருக்கிறோமா என்ற சந்தேகத்தோடு வீடு திரும்புகிறவரிடம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைப் பற்றி அபிப்பிராயம் கேட்பது நாகரிகமல்ல.

6. கூட்டத்தைச் சாம்பாரில் தொடங்குங்கள்

பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1957-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் ஒரு கமிட்டியை வர்ணிக்கிறார். ஒரு கோடி பவுண்டு அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் கிடைக்கிறது. 350 பவுண்டு சைக்கிள் ஷெட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. கமிட்டிக் கூட்டத்தில் கொடுக்கும் காபிக்கு, வருஷத்துக்கு 21 பவுண்டு செலவு, ஒன்றேகால் மணி நேரம். புரிகிற விஷயத்தில்தான் மனிதன் வாயைத் திறப்பான் என்பது அவர் கட்சி. அவர் கற்பனையாக எழுதினார். நாம் செய்து காட்டுகிறோம்.

நிகழ்ச்சி நிரல் இப்படி இருக்கட்டும். பொருள் ஒன்று: மெஸ் சாம்பார். பொருள் இரண்டு: லிப்டு மாற்றுவது. வரிசை முக்கியம்.

"சாம்பார்ல வெங்காயம் போடணும்னு எப்ப முடிவாச்சு?" என்று பி பிளாக் மாமா எழுந்திருப்பார்.

"போடக் கூடாதுன்னு எப்ப முடிவாச்சு?" என்பார் சி பிளாக் ஐயா, உட்கார்ந்தபடியே.

"வெங்காயம் இல்லைங்க பிரச்சினை, உப்பு" என்பார் தலைமையாசிரியை அம்மா. "எங்க வீட்டுக்காரருக்கு பிரஷர். உப்பைக் குறைச்சா ரூமுக்கு வந்து ஊறுகா பாட்டிலைத் தேடறார்."

"உப்பு இல்லாம ஒண்ணு, வெங்காயம் இல்லாம ஒண்ணு, சாதாரணமா ஒண்ணுன்னு மூணு அண்டா வெச்சிடலாங்க. சாப்பாட்டுக்கு அஞ்சு ரூபா கூடும்" என்பார் மெஸ்காரர்.

அரங்கம் ஒரு கணம் அமைதியாகிவிடும். பிறகு நாலு பேர் ஒரே குரலில், "அஞ்சு ரூபாயா?"

இங்கேதான் உங்கள் திறமை வேண்டும். உடனே ஐவர் குழு ஒன்று அமைத்து, ஒரு மாதம் சாம்பாரைச் சுவைத்து அறிக்கை தரச் சொல்லுங்கள். குழுவில் இரண்டு பேருக்குச் சர்க்கரை, ஒருவருக்குப் பல்செட், ஒருவர் ராத்திரிப் பலகாரம் மட்டும் சாப்பிடுகிறவர் என்றால் ரொம்ப நல்லது. மணி ஒன்றாகியிருக்கும். மெஸ் மணி அடிக்கும். எல்லோரும் எழுந்திருக்கும்போது, "லிப்டு விஷயம் அடுத்த கூட்டத்துக்கு" என்று மைக்கில் சொல்லிவிடுங்கள். ஒன்றரை நிமிஷம் கூட ஆகாது. பார்க்கின்சனின் அணு உலையை நாம் முந்திவிட்டோம்.

லிப்டு பார்க்க வருகிற பையன் மட்டும் மெஷின் ரூம் கதவில் நூலில் தொங்கும் அட்டையில் மாதா மாதம் ஒரே வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவான்: 'ரோப் தேய்மானம், மாற்றவும்'. அட்டையின் ஒரு பக்கம் தீர்ந்து மறுபக்கத்தில் எழுத ஆரம்பித்திருப்பான். அந்த ரூமுக்கு ஏறுகிற படிக்கட்டு செங்குத்து. கமிட்டியில் யாருக்கும் முழங்கால் ஒத்துழைக்காது.

7. மினிட்ஸை நீங்களே எழுதுங்கள்

ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அதில் ஏறக்குறையப் பாதிக் காலம் புதுச்சேரியை ஆண்டது பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் துரைதான்; ஆனால் துரையின் பெண்சாதியைப் பற்றி இன்று நாம் என்ன நினைக்கிறோம் என்பதை முடிவு செய்தவர் பிள்ளைவாள். அந்த அம்மாளோடு அவருக்கு ஆகவில்லை. அம்மாள் நாட்குறிப்பு எழுதவில்லை. விஷயம் முடிந்தது.

ஆகவே செயலாளர் பதவியை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். தலைவர் பேசுவார், பொருளாளர் கையெழுத்துப் போடுவார். நடந்தது என்ன என்பது செயலாளர் சொல்வதுதான். "கடும் வாக்குவாதம்" என்பதை "ஆக்கபூர்வமான கலந்துரையாடல்" என்று எழுதலாம். உங்களுக்கு ஆகாதவர் ஒரு மணி நேரம் பேசியதை "உறுப்பினர் ஒருவரும் கருத்துத் தெரிவித்தார்" என்று முடிக்கலாம். நீங்கள் தும்மியதை "செயலாளர் குறுக்கிட்டு விளக்கமளித்தார்" எனலாம். மினிட்ஸை அடுத்த கூட்டத்துக்கு முதல் நாள் இரவு சுற்றுக்கு விடுங்கள். யாரும் திருத்தம் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அந்தத் திருத்தத்தையும் நீங்கள்தானே எழுதப் போகிறீர்கள்?

8. எதிரியை விழாக் கமிட்டியில் போடுங்கள்

வேறெந்த ஊரிலும் இந்த வித்தை இவ்வளவு நன்றாகப் பலிக்காது. பொங்கல், குடியரசு தினம், தமிழ்ப் புத்தாண்டு. ஜூலை 14 பஸ்தி தினம், சொல்தா ஐயாக்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கிளம்புவார்கள். ஆகஸ்ட் 15 சுதந்திர தினம், அன்றே அரவிந்தர் பிறந்த நாள். மறுநாள் ஆகஸ்ட் 16, 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள். நவம்பர் 1 விடுதலை நாள். நடுவில் விநாயகர் சதுர்த்தி, கொலு, தீபாவளி, கிறிஸ்துமஸ். ஒரு கொடியை இறக்கி மடிப்பதற்குள் அடுத்த கொடிக்கு ஸ்வீட் ஆர்டர் கொடுக்க வேண்டும்.

உங்களை எதிர்த்து நின்று தோற்றவரைப் பெருந்தன்மையாக அழைத்து இந்தக் கமிட்டிக்குத் தலைவராக்குங்கள். லட்டா, ஜிலேபியா என்பதில் ஆறு மாதம் போகும். பிரெஞ்சு தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்பதா, வேண்டாமா என்பதில் மிச்சம் ஆறு மாதம் போகும். அடுத்த தேர்தலில் அவர் நிற்க மாட்டார். நிற்க முடியாது.

9. நோட்டீஸ் போர்டில் ஆளுங்கள்

ஆட்சி நடக்கிறது என்பதற்கு ஒரே அடையாளம் தடை. பால்கனியில் துணி காயப்போடத் தடை. புல்வெளியில் நடக்கத் தடை. பேரக்குழந்தைகள் நாலு மணிக்கு முன் பந்து விளையாடத் தடை. லேமினேட் செய்த காகிதம், கீழே பச்சை மையில் கையெழுத்து. "உத்தரவுப்படி" என்று போட்டுவிடுங்கள். யார் உத்தரவு என்று யாரும் கேட்பதில்லை.

நாய் வளர்க்கத் தடை மட்டும் போடாதீர்கள். சங்கத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. தெருநாய்க்குச் சோறு போடுகிற அம்மாவை அதட்டுவதற்கும் முன்னால் யோசியுங்கள்: 2023-ல் வந்த விதிகள் சோறு வைப்பதற்கு ஓர் இடத்தை ஒதுக்கித் தரும் பொறுப்பைச் சங்கத்தின் தலையில்தான் வைத்திருக்கின்றன. அந்த அம்மா விதியை அச்செடுத்துக் கைப்பையில் வைத்திருப்பார். உங்கள் குடியிருப்பில் சட்டம் படித்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

சனிக்கிழமைப் பிரச்சினை இந்த ஊருக்கே உரியது. சொந்தக்காரர் வெளியூரில் இருக்கிறார். வீடு சும்மா கிடப்பானேன் என்று நாள் வாடகைக்கு விட்டுவிடுகிறார். வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். அதிகாலை மூன்று மணிக்கு லிப்டில் பாட்டுச் சத்தம். அதே நேரம் தூக்கம் வராமல் காரிடாரில் உலாத்திக்கொண்டிருக்கும் ஏ பிளாக் தாத்தா அவர்களுக்குக் குட் மார்னிங் சொல்கிறார். இதைத் தடுக்கக் கடுமையான தீர்மானம் கொண்டு வரலாம். ஆனால் அந்தச் சொந்தக்காரரின் பிராக்ஸி உங்கள் கையில்தானே இருக்கிறது? 'விருந்தினர்கள் அமைதி காக்கவும்' என்று எழுதி, பூ படம் போட்டு ஒட்டிவிடுங்கள்.

இன்னொரு நோட்டீஸ் எல்லாக் குடியிருப்பிலும் உண்டு: 'வேலையாட்கள் சர்வீஸ் லிப்டை மட்டும் பயன்படுத்தவும்'. பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிற பெண்கள்தான் இந்த நூற்றெண்பது வீட்டுக்கும் கை, கால். படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டிப் படுக்க வைப்பவர்கள் அவர்கள். அவர்கள் எந்தக் கதவு வழியாக வர வேண்டும் என்பதைத்தான் நாம் முதல் பொதுக்குழுவிலேயே முடிவு செய்துவிடுகிறோம், ஒத்திவைக்காமல்.

10. பணத்தைத் தொடாதீர்கள்

மெயின்டனன்ஸ் மாதம் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீத ஜி.எஸ்.டி. வருகிறது. 7,500-க்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும்தான் வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் சொன்னது. இதை விளக்கினால் கூட்டம் உங்கள் பக்கம் வராது. "நான் இருக்கிற வரைக்கும் 7,500-ஐத் தாண்ட விட மாட்டேன்" என்று சொல்லுங்கள், கைதட்டல் வரும். பில்டர் ஒப்படைத்த கார்ப்பஸ் தொகையை ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டு, வட்டியைப் பைசா சுத்தமாக வாசியுங்கள், இன்னும் பலமாக வரும். அந்த முதலை எடுத்து எதையாவது ரிப்பேர் செய்யலாம் என்று யாராவது சொன்னால் அவர் துரோகி.

கட்டடம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருக்காது. கடற்கரை ஊரில் உப்பு காற்றிலேயே வருகிறது. நுண்ணிய வெடிப்பு வழியே கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடித்தால் ஊதும். ஊதினால் மேலே இருக்கிற கான்கிரீட் பிளந்து உதிரும். பால்கனிக்கு அடியில் அண்ணாந்து பார்த்தால் செந்நிறக் கோடு தெரியும். அதன் மேல் வெள்ளையடிக்கத் தீர்மானம் போடலாம். லிப்டுக்கு இருபது, இருபத்தைந்து வருஷம். ஜெனரேட்டருக்கும் கழிவுநீர் மோட்டாருக்கும் அதைவிடக் குறைவு. அறுபத்தைந்து வயதில் புது வீட்டுக்குக் குடிவந்தவர் எண்பத்தைந்தில் வீல் சேரில் இருக்கும்போது லிப்டும் சரியாக அதே நேரத்தில் படுக்கும். இரண்டு பேருக்கும் சேர்த்து இன்றைக்கே மாதம் ஐந்நூறு ரூபாய் ஒதுக்கலாம் என்று வங்கிக்காரர் சொல்லியிருப்பார். அவரைத்தான் தோட்டத்தில் போட்டுவிட்டோமே.

11. புயல் வந்தால் ஆட்சியைத் தற்காலிகமாகக் கைவிடுங்கள்

2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாழ்வான நகர்களில் ஜனங்களை மீட்க ராணுவம் வர வேண்டியிருந்தது. அப்படி ஒரு ராத்திரியில் எந்தக் குடியிருப்பிலும் நடப்பது ஒன்றுதான். பார்க்கிங்கில் தண்ணீர் ஏறும், லிப்டுக் குழி நிரம்பும், கரெண்டு போகும். பைலாவைத் தேட டார்ச் இருக்காது.

அப்போது ஹெட் நர்ஸ் அம்மா ஒரு பழைய நோட்டோடு வருவார். யார் வீட்டில் ஆக்சிஜன் மெஷின், யாருக்கு இன்சுலின் ஃப்ரிஜ்ஜில், யார் தனியாக இருக்கிறார் என்று வீட்டு எண் வாரியாக எழுதியிருக்கும். இன்ஜினியர் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெயின் சுவிட்சை இறக்குவார். மெஸ்காரர் ஒரே அண்டாவில் சாம்பார் சாதம் கிளறுவார். அதில் வெங்காயம் இருந்ததா என்று பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது. செக்யூரிட்டித் தம்பியும் சனிக்கிழமைப் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து, வீல் சேரில் இருக்கிற பாட்டியை நாற்காலியோடு மூன்று மாடி தூக்குவார்கள். "மெதுவா, பாட்டி கழுத்தைப் பிடிச்சுக்கோங்க" என்று மேலேயிருந்து டார்ச் அடிப்பவர், எந்த லிப்டில் ஏற வேண்டும் என்று நாம் நோட்டீஸ் ஒட்டிய அந்தப் பெண்களில் ஒருத்தி. பஸ் இல்லாமல் தங்கிவிட்டவள்.

பதற வேண்டாம், இது இரண்டு நாள்தான். தண்ணீர் வடிந்ததும் அவசரக் கூட்டம் போடுங்கள். மூன்று கொட்டேஷன் வாங்காமல் இருநூறு லிட்டர் டீசல் வாங்க யார் அனுமதி கொடுத்தது என்று கேளுங்கள். ஆட்சி திரும்பிவிடும்.

12. உத்தரவாதம்

மேலே சொன்னதையெல்லாம் வரிசையாகச் செய்தால் மூன்று முறை தொடர்ந்து ஜெயிக்கலாம். மாறாக, ஊருக்கு இல்லாத உள்ளாட்சி நமக்காவது வாய்த்திருக்கிறதே, அதை உருப்படியாக நடத்திப் பார்ப்போம் என்று யாருக்காவது தோன்றினால், அதற்கு இத்தனை படிகள் தேவையில்லை. அடுத்த பொதுக்குழுவில் சாம்பாருக்கு முன்னால் எழுந்து மூன்றே கேள்வி கேட்டால் போதும். மெஷின் ரூம் அட்டையில் போன மாதம் என்ன எழுதியிருக்கிறது? இந்தக் கட்டடத்தில் அடுத்த பத்து வருஷத்தில் எதெது ஓயும், அதற்கு எவ்வளவு சேர்த்திருக்கிறோம்? ராத்திரி இரண்டு மணிக்கு லிப்டு நின்றால், மேல் மாடியில் தனியாக இருக்கிறவரைக் கீழே கொண்டுவரும் ஆட்களின் பெயர் என்ன?

இந்த மூன்றுக்கும் பதில் எழுத்தில் வரும்வரை காபிக்கு எழுந்திருக்காதீர்கள். வாடகைக்காரர்கள் கைதட்டுவார்கள், அவர்களுக்கு ஓட்டில்லை. ஹெட் நர்ஸ் அம்மா உங்களைப் பார்த்துத் தலையசைப்பார். அவர் எந்தக் குழுவிலும் இல்லை. அடுத்த தேர்தலில் உங்களுக்கு டெபாசிட் தேறாது. அதற்கு நான் உத்தரவாதம். லிப்டு மட்டும் ஓடும்.